முள் சைபருக்கு வரட்டும்

கதவைத் தாண்டியதும் ஒரு பிளாஸ்டிக் கண்ணாடியைக் கையில் திணித்தார்கள். நான்தான் மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறேனே என்றேன். “அதுக்கு மேலயே போட்டுக்குங்க மாமா. இல்லாட்டி கோச் உள்ள விட மாட்டார்” என்றாள் தங்கை மகள். கண்ணாடியின் தண்டில் பொடி எழுத்தில் ‘இசட் 87’ என்று இருந்தது. கண் பாதுகாப்புக்கான அமெரிக்கத் தர எண்ணாம். அது இல்லாத கண்ணாடி, என்ன விலை கொடுத்து வாங்கியதானாலும், இந்த அறையில் செல்லாது.

டெட்ராய்ட்டுக்கு வடமேற்கே ஒரு புறநகர். அரசுப் பள்ளி. அக்டோபர் மாதத்து வியாழக்கிழமை, மாலை மூன்றரை மணி. வெளியே மேப்பிள் மரங்கள் மஞ்சளும் சிவப்புமாகக் கொட்டிக்கொண்டிருந்தன. உள்ளே கட்டிங் ஆயில் வாசம். எங்கள் அப்பா கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருந்தவர். அந்த வாசம் மூக்கில் ஏறியதுமே எனக்கு அமெரிக்கா மறந்துபோயிற்று.

மறுநாள் வெள்ளிக்கிழமை இரவு பள்ளியின் ‘ஹோம்கமிங்’. பழைய மாணவர்கள் ஊர் திரும்பிவந்து ஃபுட்பால் ஆட்டம் பார்க்கும் நாள். ஆட்டத்தின் இடைவேளையில், சக்கரம் வைத்த ஒரு ரோபோ ஓடுபாதையில் வந்து நின்று, பார்வையாளர் படிக்கட்டுகளை நோக்கி டி-ஷர்ட்டுகளை வீசும். காற்றழுத்தத்தால் வீசும். அதைச் செய்தது ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள். அதைப் பார்க்கத்தான் போனேன்.

இந்தப் பிள்ளைகள் ‘ஃபர்ஸ்ட்’ ரோபாட்டிக்ஸ் போட்டிக்காரர்கள். டீன் கேமன் 1989-ல் தொடங்கிய அமைப்பு. முதல் போட்டி 1992-ல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பள்ளி ஜிம்மில் 28 அணிகளோடு நடந்தது. இன்று அமெரிக்காவிலேயே அதிக அணிகள் இருப்பது மிச்சிகன் மாநிலத்தில். கார் தொழிற்சாலைகள் சூழ்ந்த ஊர் என்பதால், சொல்லிக்கொடுக்க இன்ஜினியர்களுக்குப் பஞ்சமில்லை. ஜனவரியில் அந்த ஆண்டின் விளையாட்டு அறிவிக்கப்படும். வசந்த காலம் வரை போட்டி. மற்ற மாதங்களில் கை சும்மா இருக்காதல்லவா? பழைய போட்டி ரோபோவின் அடிச்சட்டம் ஒன்று மூலையில் கிடக்கும். அதன் மேல் டி-ஷர்ட் வீசும் குழலைப் பொருத்துவது பல அணிகளுக்கு வழக்கமான இலையுதிர்கால வேலை.

இந்தக் கருவிக்கு எல்லோரும் சொல்லும் பெயர் ‘டி-ஷர்ட் பீரங்கி’. ஆனால் பள்ளி வளாகத்துக்குள் பீரங்கி, துப்பாக்கி என்ற சொற்களே வரக் கூடாது என்று இவர்களே ஒரு விதி வைத்திருக்கிறார்கள். அமெரிக்கப் பள்ளியில் அந்தச் சொற்களுக்கு என்ன கனம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. “தமிழ்ல இதுக்கு ஒரு பேர் சொல்லுங்க மாமா” என்றாள். தினைப்புனத்தில் வள்ளி கிளி ஓட்டின கதையைச் சொல்லி, கவண் என்றேன். மாஸ்கிங் டேப்பில் தமிழிலேயே எழுதிச் சட்டத்தில் ஒட்டிவிட்டாள். ‘ண்’ணுக்கு ஒரு சுழி குறைவாக இருந்தது. நான் திருத்தவில்லை.

கோச் என்று இவர்கள் கூப்பிடுவது எழுபது வயதுப் பெரியவரை. கார் கம்பெனியில் டை மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வலது கையில் சுண்டுவிரல் பாதிதான் இருக்கிறது. அதைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

என்னை உட்கார வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு வெள்ளை பி.வி.சி. குழாயை எடுத்து நீட்டினார். மூன்று அங்குல விட்டம். “என்ன எழுதியிருக்கு, படிங்க” என்றார். தாங்கும் அழுத்தம் 260 பிஎஸ்ஐ என்று அச்சிட்டிருந்தது. போன வருஷம் பிள்ளைகள் போட்ட முதல் வரைபடத்தில் காற்றுத் தொட்டியே இந்தக் குழாய்தானாம். கணக்கும் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள்: நமக்கு வேண்டியது 60, குழாய் தாங்குவது 260, நாலு மடங்குக்கு மேல் பாதுகாப்பு, விலையும் மலிவு. யாருக்கும் அப்படித்தானே தோன்றும்? எனக்கும் தோன்றியது.

“அது தண்ணிக்குப் போட்ட நம்பர்” என்றார் கோச்.

அடுத்த இருபது நிமிஷம் நடந்ததுதான் அன்றைய வேலையிலேயே முக்கியமானது என்று இப்போது நினைக்கிறேன். பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் வெள்ளைப் பலகையில் எனக்காக மறுபடி கணக்குப் போட்டான். இந்த ரோபோவின் பெரிய தொட்டி இரண்டரை கேலன், அதாவது ஏறக்குறைய ஒன்பதரை லிட்டர். அதில் 120 பிஎஸ்ஐ அழுத்தத்தில் தண்ணீரை அடைத்து வைத்தால், தண்ணீருக்குள் தேங்கும் ஆற்றல் ஒன்றரை ஜூல். ஒரு எலுமிச்சம்பழம் மேஜையிலிருந்து கீழே விழுவதைப் போல மூன்று நான்கு பங்கு, அவ்வளவுதான். தண்ணீர் சுருங்காது; எனவே விரியவும் செய்யாது. குழாய் விரிசல் விட்டால் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சும், அழுத்தம் விழுந்துவிடும், முடிந்தது கதை. அதே தொட்டியில் அதே அழுத்தத்தில் காற்று என்றால் 6,600 ஜூல் அளவுக்கு வருகிறது. எழுபது கிலோ ஆள் ஒருவரை மூன்று மாடி உயரத்துக்குத் தூக்கும் ஆற்றல். விரிசல் விட்ட பிறகும் காற்று விரிந்துகொண்டே இருக்கும். உடைந்த சில்லுகளைத் தள்ளிக்கொண்டு விரியும்.

இரும்புத் தொட்டி பெரும்பாலும் கிழிந்து ஊதிவிடும். பி.வி.சி. அப்படிக் கிழிவதில்லை, கண்ணாடி மாதிரி சிதறும். குளிரில் இன்னும் மோசம். மிச்சிகன் அக்டோபர் இரவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அச்சிட்டிருக்கும் எண்ணும் 23 டிகிரி வெப்பத்துக்குப் போட்டது. அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்புத் துறையான ஓஷா, 1988 மே மாதமே இதைப் பற்றி எச்சரிக்கை அறிக்கை விட்டிருக்கிறது. டெக்சாஸில் ஓர் ஆலையில் காற்று போன பி.வி.சி. குழாய் வெடித்துத் தொழிலாளி ஒருவர் காயப்பட்ட பிறகு வந்த அறிக்கை. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் பி.வி.சி. தொட்டியில் டி-ஷர்ட் வீசும் வீடியோக்களுக்குக் குறைவே இல்லை என்று பையன் சிரித்தான். அவற்றில் எதுவும் வெடிக்கவில்லையே என்று கேட்டேன். “வெடிச்ச வீடியோவை யார் சார் போடுவாங்க?” என்றான். நியாயமான பதில்.

நம்மூர்க் கணக்கில் இந்த அழுத்தங்கள் என்ன என்று யோசித்துப் பார்த்தேன். வீட்டு பிரஷர் குக்கரில் வெயிட் விசில் அடிப்பது 15 பிஎஸ்ஐ பக்கம். பஞ்சர் கடையில் கார் டயருக்கு “முப்பத்திரண்டு பாயிண்ட் வைங்க” என்போம். இங்கே தொட்டியில் 120. மூன்று அங்குல மூடி ஒன்றின் மேல் 60 பிஎஸ்ஐ அழுத்தினாலே அந்த மூடியைத் தள்ளும் விசை 190 கிலோ. மூட்டு பிய்த்துக்கொண்டால் அந்த மூடி எங்கே போகும் என்று யோசித்தபடியே நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தேன்.

சரி, கவணைப் பார்ப்போம் என்று எழுந்தேன்.

ஆறு சக்கர அடிச்சட்டம். அதன் வயிற்றில் 12 வோல்ட் பேட்டரி, ஒரு சின்ன கம்ப்ரஸர், கறுப்புப் பெயின்ட் அடித்த இரண்டரை கேலன் இரும்புத் தொட்டி. லாரி ஏர் பிரேக்குக்குப் பயன்படும் வகை. தாங்கும் அழுத்தம் 150 என்று உடம்பில் தகடு வைத்திருக்கிறது. அடியில் தண்ணீர் வடிக்க ஒரு குழாய்த் திருகு; காற்றை அழுத்தினால் ஈரம் தண்ணீராக இறங்கும், வடிக்காவிட்டால் உள்ளே துரு. மேலே மூன்று அலுமினியக் குழல்கள், டிபன் கேரியர் அடுக்கைப் படுக்க வைத்த மாதிரி. ஒவ்வொன்றின் பின்னாலும் அரை கேலன் சின்னத் தொட்டி ஒன்று. லாரி ஏர் ஹாரனுக்கு விற்கிறார்களே, அது.

எதற்கு நாலு தொட்டி, பெரியதிலிருந்தே நேராகச் சுடலாமே? கேட்டதும் மூன்று பேர் ஒரே நேரத்தில் பதில் சொல்ல வந்தார்கள். அளந்து போட்ட சாப்பாடு என்பதுதான் சாராம்சம். பெரிய தொட்டியில் 120. அங்கிருந்து ரெகுலேட்டர் வழியாக 40-க்கு இறக்கி, ஒவ்வொரு குழலுக்கும் அரை கேலன் மட்டும் நிரப்புகிறார்கள். நிரம்பியதும் இடையில் உள்ள வால்வ் மூடிக்கொள்ளும். அது மூடாமல் சுடும் வால்வ் திறக்காதபடி வயரிங். ஆக, குழலும் பெரிய தொட்டியும் ஒருபோதும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்வதில்லை. சுடும் வால்வ் திறந்தபடியே மாட்டிக்கொண்டாலும் போவது அந்த அரை கேலன் காற்று மட்டும்தான். அரை கேலனில் 40 பிஎஸ்ஐ என்றால் 260 ஜூல் பக்கம். அதில் டி-ஷர்ட்டுக்குப் போய்ச் சேருவது ஆறில் ஒரு பங்கு. மிச்சம் காற்றாகவும் சத்தமாகவும் போகிறது.

போட்டி விதிகளில் சேமிப்பு அழுத்தம் 120-க்கு மேல் போகக் கூடாது, வேலை செய்யும் அழுத்தம் 60-க்கு மேல் போகக் கூடாது. இந்த ரோபோ போட்டிக்குப் போகப்போவதில்லை; விதி இதைக் கட்டுப்படுத்தாது. இருந்தும் அந்த இரண்டு எண்களையும் உச்சவரம்பாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். “விதி இல்லாத இடத்துல பழைய விதியைக் கொண்டுவா” என்பது கோச்சின் வழி. ஆனால் போட்டியில் அனுமதிக்கும் வால்வ் இதற்கு உதவாது. அதன் துளை சின்னது. காற்று சாவகாசமாக வரும். டி-ஷர்ட் குழல் வாயில் எட்டிப் பார்த்துவிட்டுக் கீழே விழும். முதல் மாதம் அப்படித்தான் விழுந்ததாம்.

பலர் இதற்குப் புல்வெளிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் வால்வை மாட்டுகிறார்கள். மலிவு, துளையும் பெரிது. ஆனால் அதுவும் பிளாஸ்டிக், அதன் எண்ணும் தண்ணீருக்கானது. பி.வி.சி. கதையேதான். இவர்கள் கண்டுபிடித்த மாற்று எனக்குப் பழகிய பொருள். சிமெண்ட் ஆலைகளில் தூசி வடிகட்டும் துணிப் பைகளை உதற, சில நொடிக்கு ஒரு தரம் ‘டப்’பென்று காற்றை அடிப்பார்கள். மதுக்கரைப் பக்கம் போனவர்கள் கேட்டிருக்கலாம். அந்த வேலைக்கென்றே செய்த பல்ஸ் வால்வ். அலுமினிய உடம்பு, காற்றுக்கென்றே தரம் போட்டது, ஒரு அங்குல வாய்.

அதன் உள்வேலையைத் தங்கை மகள் இரண்டு உள்ளங்கையால் காட்டினாள். கீழ்க்கை தொட்டிக் காற்று, மேல்கை மூடி, நடுவில் ஒரு ரப்பர் தட்டு. தட்டில் ஊசித் துளை இருப்பதால் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம். ஆனால் மேல்பக்கம் காற்று படும் பரப்பு அதிகம், ஆகவே தட்டு அழுந்தி மூடியே இருக்கும். மின்சாரம் கொடுத்தால் மேல்பக்கத்துக் காற்று மட்டும் ஒரு சின்ன வழியில் வெளியேறும். ஊசித் துளையால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. கீழ்க்கை மேல்கையைத் தூக்கி எறிந்தது. “அவ்ளோதான் மாமா. காத்தே காத்துக்குக் கதவு.” மின்சாரம் போனால்? வால்வ் மூடியே இருக்கும். வயர் அறுந்தால்? அப்போதும் மூடியே இருக்கும். எதைக் கேட்டாலும் பதில் ‘சுடாது’ என்றே வந்தது.

மணி ஐந்து. ஒரு டி-ஷர்ட்கூடப் பறக்கவில்லை.

பக்கத்து மேஜையில் இரண்டு பிள்ளைகள் டி-ஷர்ட் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். கீழ் விளிம்பை ஒரு சாண் வெளிப்பக்கமாக மடித்து, நீளவாக்கில் மூன்றாக மடக்கி, கழுத்திலிருந்து இறுக்கிச் சுருட்டி, கடைசியில் அந்த மடித்த விளிம்பையே உறை மாதிரி மேலே திருப்பிப் போடுகிறார்கள். பட்டாளத்துக்காரர்கள் பையில் துணி அடுக்கும் முறையாம். ரப்பர் பேண்ட் கிடையாது, டேப் கிடையாது. துணியைத் தவிர வேறு எதுவும் பறக்கக் கூடாது. உள்ளே சாக்லேட் வைத்துச் சுடலாம் என்று யாரோ சொன்ன யோசனை சுவரில் சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருந்தது. நான் ஒன்று சுருட்டினேன். தூக்கிப் பிடித்ததும் விரிந்து தொங்கியது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒன்றும் சொல்லாமல் வாங்கி மறுபடி சுருட்டினாள்.

சுருட்டின டி-ஷர்ட் 150 கிராம். கிரிக்கெட் பந்தின் எடை 160-ஐ ஒட்டி வரும். போன வாரம் சுட்டதை செல்போனில் நொடிக்கு 240 படம் வீதம் எடுத்து, இரண்டு மீட்டர் தாண்ட இருபது படம் ஆனதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நொடிக்கு 24 மீட்டர். மணிக்கு 86 கிலோமீட்டர். ஆக, சுழற்பந்து வீச்சாளர் ஒருவர் துணிப்பந்தைப் போடுவது போல. ஹெல்மெட் இல்லாத பாட்டி ஒருத்தி கையில் சோளப்பொரியோடு அதை எதிர்கொள்ளப்போகிறாள் என்பதுதான் சங்கடம். சிம்ப்சன்ஸ் கார்ட்டூனில் 2000-ல் வந்த ஒரு கதையில் மாட் ஃப்ளாண்டர்ஸ் என்ற பாத்திரம் டி-ஷர்ட் அடிபட்டு மைதானப் படிக்கட்டிலிருந்து விழுந்து செத்தே போகும். பிள்ளைகள் பிறப்பதற்கு முன்னால் வந்தது. ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. கார்ட்டூனை விடுங்கள், ஹூஸ்டன் பேஸ்பால் மைதானத்தில் 2018-ல் டி-ஷர்ட் பட்டு விரல் உடைந்ததாக ஒரு பெண் வழக்கே போட்டிருக்கிறார்.

அதனால் குழலின் சாய்வுக்குக் கீழ் எல்லை உண்டு. 35 டிகிரிக்குக் கீழே இறங்காது. மென்பொருளில் எழுதிவைத்த எல்லை என்று நினைத்தேன். கோச் என் விரலைப் பிடித்துச் சட்டத்தின் அடியில் ஒரு தடித்த போல்ட்டின் மேல் வைத்தார். குழல் அதன் மேல் உட்கார்ந்திருந்தது. “புரோகிராம் தப்பா எழுதலாம். போல்ட்டை யாரும் தப்பா எழுத முடியாது.” மேல்நோக்கிப் போய் வளைந்து இறங்கும் துணிக்கு வேகம் குறைந்திருக்கும். நேராக முகத்துக்குப் போகாது. முதல் பதினைந்து மீட்டரில் கயிறு கட்டி யாரையும் விடுவதில்லை.

சுடுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி லேப்டாப்பும் ஜாய்ஸ்டிக்கும் வைத்திருப்பாள். இன்னொருவன் கழுத்தில் சாவி தொங்கும். சாவியைப் போட்டுத் திருப்பி, ஒரு பொத்தானை அழுத்தியபடியே இருக்க வேண்டும். விட்டால் தீர்ந்தது. அவன் கண் கூட்டத்தின் மேல்தான் இருக்க வேண்டும், ரோபோவைப் பார்க்கக் கூடாது. லேப்டாப்பில் என்டர் தட்டினால் ரோபோ செயலிழக்கும். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் அவசர நிறுத்தம், பிறகு மறுபடி முதலிலிருந்து கிளப்ப வேண்டும். ரோபோவின் தலையில் ஒரு ஆரஞ்சு விளக்கு. சும்மா எரிந்தால் மின்சாரம் மட்டும் இருக்கிறது. மினுக்கினால் உயிரோடு இருக்கிறது. மினுக்கும்போது யாரும் கிட்டப் போவதில்லை. கோயில் யானைக்கு மதம் பிடித்தால் எப்படி ஒதுங்குவோமோ, அப்படி.

ஆனால் விளக்கு அணைந்தாலும் காற்று உள்ளேயேதான் இருக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டால் ஆபத்து போய்விட்டது என்று நினைப்பதுதான் புதியவர்கள் செய்யும் தவறாம். அதனால் பக்கவாட்டில் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு சிவப்புக் கைப்பிடி. திருப்பினால் பெரிய தொட்டி, சின்னத் தொட்டி எல்லாமே வெளியே காலியாகும். அதன் மேலேயே பிரஷர் கேஜ்.

ஐந்தரைக்கு வாரச் சோதனை. சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷால் ஒவ்வொரு மூட்டிலும் தடவினார்கள். பஞ்சர் கடையில் ட்யூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்ப்பார்களே, அதே வித்தை. ஒரு மூட்டில் பொடிக் குமிழி நுரைத்தது. காற்றை வெளியேற்றி, மரையில் டெஃப்லான் டேப் புதிதாகச் சுற்றினார்கள். ஓட்டம் பார்த்துச் சுற்றச் சொன்னார் கோச். எதிர்ப்பக்கம் சுற்றினால் முறுக்கும்போது பிரிந்து, துணுக்குகள் வால்வுக்குள் போகும். எங்கள் அப்பா இதற்கு மண்டையில் குட்டுவார். கோச் குட்டவில்லை.

அடுத்தது ரிலீஃப் வால்வ். குக்கருக்கு சேஃப்டி வால்வ் எப்படியோ, அப்படி. 40-ல் நிற்க வேண்டிய ரெகுலேட்டர் பழுதாகி அழுத்தம் ஏறினால், 75-ல் தானாகத் திறந்து ஊதிவிட வேண்டும். எல்லோரும் தடித்த பாலிகார்பனேட் பலகைக்குப் பின்னால் போனோம். நீண்ட ஹோஸ் வழியாக வெளிக் கம்ப்ரஸரிலிருந்து காற்று. ஒரு பெண் எண்களை உரக்கப் படித்தாள். ஐம்பது. அறுபது. எழுபது. எழுபத்தைந்து. முள் நகர்ந்துகொண்டே இருந்தது. எண்பது.

“வென்ட்” என்றார் கோச். குரல் உயரவில்லை. இந்தப் பக்கத்து ஹோஸில் இருந்த திருகை ஒரு பையன் திருப்பினான். புஸ்ஸென்று சத்தம், முள் விழுந்தது. சின்னத் தொட்டிகள் 150 தாங்குபவை. 80-ல் எதுவும் ஆகியிருக்காது. இருந்தாலும் என் உள்ளங்கை வேர்த்திருந்தது.

வால்வைக் கழற்றி மேஜையில் வைத்தார்கள். பித்தளை வால்வ், கட்டைவிரல் அளவு. இழுத்துப் பார்க்கும் வளையம் அசையவே இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது தண்டைச் சுற்றி மெல்லிய ஆரஞ்சுப் படலம். ஞாயிற்றுக்கிழமை சட்டத்துக்கு அணியின் நிறத்தில் ஸ்ப்ரே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். வால்வை மூடி டேப் ஒட்ட மறந்துவிட்டார்கள். பெயின்ட் காய்ந்து பசையாகி, திறக்க வேண்டியது திறக்கவில்லை.

யார் அடித்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது, பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனின் காதுமடல் சிவந்திருந்தது. கோச் அந்த வால்வில் கம்பி கட்டி, பி.வி.சி. குழாய் இருந்த அலமாரிக்கு மேலே ஆணியில் மாட்டினார். அங்கே ஏற்கெனவே நாலைந்து சாமான்கள் தொங்கின. பிறகு கார் சாவியை எடுத்துக்கொண்டு, சிவந்த காதுக்காரனையே கூட அழைத்துக்கொண்டு, புது வால்வ் வாங்கப் போனார். பிள்ளைகள் பீட்சா வரவழைத்தார்கள். எனக்குச் சீஸ் இல்லாத ஓரத்தைத் தேடிக் கொடுத்தாள் தங்கை மகள்.

எட்டு மணிக்குப் புது வால்வோடு மறுபடி. எழுபத்து மூன்றில் தட்டிக்கொண்டு ஊதியது. கைதட்டினார்கள். டி-ஷர்ட் பறந்தால்கூட இவ்வளவு கைதட்டல் கிடைக்காது என்று நினைத்தேன். அன்றும் ஒன்றும் பறக்கவில்லை.

வெள்ளி இரவு. விளக்கு வெளிச்சத்தில் மைதானம் பகல் போல. மேளவாத்தியக் குழு, படிக்கட்டு நிறையக் கம்பளி போர்த்திய ஜனம், மூச்செல்லாம் புகை. எங்கள் தங்கையும் மாப்பிள்ளையும் ஐந்தாவது வரிசையில். இடைவேளையில் கவண் ஓடுபாதையில் மெதுவாக வந்து நின்றது. சாவிக்காரன் கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தூக்கினான். ஆரஞ்சு விளக்கு மினுக்கியது.

டப்.

அந்தச் சத்தம் நெஞ்சில் விழுந்தது. வெள்ளையாக ஒரு பொட்டலம் விளக்குக் கம்பத்து உயரத்துக்கு ஏறி, அங்கே ஒரு கணம் சோம்பி, மேல்வரிசையில் இறங்கியது. நாற்பது கைகள். இரண்டாவது குழல், டப். அது காற்றில் விரிந்து, பட்டம் போல ஆடி, வேலிக்கு இந்தப் பக்கமே விழுந்தது. நான் சுருட்டியதாகவும் இருக்கலாம். மூன்றாவதுக்குத் தங்கை மகள் பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். சும்மா இருந்தது. கூட்டம் “ஓ…” என்றது.

நான் கேமராவோடு பக்கத்தில் நின்றிருந்தேன். மூன்றாவது குழலின் வாயில் டி-ஷர்ட்டின் வெள்ளை விளிம்பு தெரிந்தது. மாட்டிக்கொண்டிருக்கிறது, கையை விட்டு இழுத்தால் வந்துவிடும். இரண்டு எட்டு வைத்திருப்பேன்.

“மாமா! நில்லுங்க!”

வீட்டில் ஒரு நாளும் என்னிடம் குரல் உயர்த்தாத பெண். நின்ற இடத்திலேயே நின்றேன். அவள் ஸ்பேஸ் பாரைத் தட்டினாள். விளக்கு மினுக்குவதை நிறுத்தியது. சாவிக்காரன் சாவியை உருவிக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். ஒரு பையன் பின்பக்கமாகச் சுற்றிவந்து, குழல் வாய்க்கு எதிரே போகாமல், சிவப்புக் கைப்பிடியைத் திருப்பினான். நீண்ட பெருமூச்சு மாதிரி காற்று போனது. அம்பது… முப்பது… பத்து என்று அவன் கேஜைப் படித்தான். மேளம் மறுபடி தொடங்கியிருந்தது. கூட்டம் எங்களை மறந்துவிட்டது.

“இப்பப் போலாமா, அம்மிணி?” என்று கேட்டேன்.

“முள் சைபருக்கு வரட்டும் மாமா.”

வந்தது. பேட்டரியின் பிரேக்கரையும் அமர்த்தினார்கள். ஓடுபாதையின் மேட்டில் ஏறி இறங்கினபோது பல்ஸ் வால்வுக்குப் போகும் கனெக்டர் கழன்றிருந்தது, அவ்வளவுதான். பையன் பக்கவாட்டில் மண்டியிட்டு, வளைந்த மரக்குச்சியால் டி-ஷர்ட்டை வெளியே இழுத்தான். அது அப்படியே என் கையில் வந்தது. சுருள் குலையவில்லை; அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் கைவேலையாகத்தான் இருக்கும். ‘மீடியம்’ என்று போட்டிருந்தது. எனக்குப் போதாது, தங்கைக்குக் கொடுத்தேன்.